உறங்கும் எஞ்சினை எழுப்புதல்

நாமக்கல் மாவட்டத்தில், காவிரியாற்றின் கரையில், ஜேடர்பாளையம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் ஆற்றின் குறுக்கே படுகை அணை ஒன்று அமைந்துள்ளது. அங்குத் தேங்கும் நீர் இராஜ வாய்க்கால் வழியே பரமத்தி வேலூர்ப் பக்கத்து நிலங்களுக்குச் செல்கிறது. வெற்றிலைக் கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் கரும்பு வயல்களும் அந்நீரால் செழிக்கின்றன. வாய்க்கால் ஒன்றே, அதிலிருந்து பிரியும் கிளைகளும் மடைகளும் பல. எனினும் ஓர் உழவன் தன் கொடிக்காலுக்கு மட்டும் நீர் பாய்ச்ச விரும்பினால், எல்லா மடைகளையும் அவன் திறக்க வேண்டுவதில்லை. அணையிலிருந்து தன் நிலம் வரையில் ஒரு வழி தடையின்றி இருந்தால் அவனுக்குப் போதும்.

இவ்வெளிய உண்மையை உள்ளத்தில் இருத்திக்கொண்டால், கடினம் போலத் தோன்றும் வேறொரு செய்தியும் எளிதில் விளங்கும். பழைய மோட்டார் கார் ஒன்றின் வயரிங் முழுதும் அழிந்துபோன நிலையிலும், அதன் எஞ்சினை இயக்கிப் பார்க்கும் முறையே அச்செய்தியாகும்.

மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1958ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரையில் செய்யப்பெற்ற அம்பாசடர் காரை அறியாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. அத்தகைய கார் ஒன்று தென்னந்தோப்பின் கொட்டகையில் பதினைந்து ஆண்டுகளாக அசையாமல் நிற்பதாகக் கொள்வோம். அதன் மின்கம்பிகளின் உறைகளை எலிகள் கடித்துத் தின்றிருக்கும். எஞ்சிய உறைகள் வெப்பத்தால் இறுகி, தொட்டால் உதிரும். விளக்கு எரியாது, ஒலிப்பான் ஒலிக்காது, சாவியைத் திருப்பினால் யாதொரு விளைவும் இராது. இதனைக் கண்ட உரிமையாளர், "இஃது இறந்துவிட்டது" எனக் கருதிப் பழைய இரும்பு வாங்குவோரை அழைத்தலும் உண்டு. அவர் தராசு இரும்பின் எடையை மட்டுமே அறியும். அவ்விரும்பினுள் இன்னும் உழைக்கும் ஆற்றல் இருக்கின்றதா என்பதை அஃது அறியாது.

வேறு சிலரோ இதற்கு நேர்மாறாகத் தவறுவர். ஆராயாமலே பெரும் பொருள் செலவிட்டு, வண்டி முழுதும் புது வயரிங் போடச் செய்வர். அதன் பின்னர் எஞ்சினைச் சுழற்றும்போதுதான் அதன் உட்பகுதி வெடித்தோ துருவால் இறுகியோ கிடப்பது தெரியவரும். செலவிட்ட பொருளும் நாளும் வீணாகும். நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து அறிந்த பின்னரே மருத்துவத்தில் இறங்க வேண்டும் என்பது மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய நெறி. அந்நெறி உடலுக்கேயன்றி இயந்திரத்திற்கும் பொருந்தும். ஆகவே, புது வயரிங் போடுவதா, இரும்பு விலைக்கு விற்பதா என்று முடிவு செய்வதற்கு முன், எஞ்சின் உயிருடன் உள்ளதா என்று சோதித்தலே அறிவுடைமையாகும்.

வயரிங் என்பது யாது? காரில் உள்ள மின்கருவிகள் அனைத்தையும் பாட்டரியோடு இணைக்கும் கம்பிகளின் தொகுதியே வயரிங் எனப்படும். முன்விளக்கு, பின்விளக்கு, ஒலிப்பான், மழைநீர் துடைக்கும் கருவி, எரிபொருளின் அளவு காட்டும் முள், மின்சாரம் உண்டாக்கும் டைனமோ எனப் பலவற்றுக்கும் செல்லும் கம்பிகள் அதில் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். பல நிறமுடைய அக்கற்றையைக் காண்போர் மலைப்பர். ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை வண்டி சாலையில் செல்வதற்கு வேண்டியவையேயன்றி, எஞ்சின் சுழல்வதற்கு வேண்டியவை அல்ல.

எஞ்சின் சுழல்வதற்கு வேண்டியவை யாவை? பெட்ரோல் எஞ்சினுக்கு மூன்று வேண்டும். காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் கலந்த கலவை முதலாவது. அக்கலவையைச் சிலிண்டரினுள் நன்கு அழுத்துதல் இரண்டாவது. அழுத்திய கலவையை உரிய நொடியில் பற்றவைக்கும் தீப்பொறி மூன்றாவது. ஜெர்மானியராகிய நிக்கோலாஸ் ஆட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டு நான்கு வீச்சு எஞ்சினை வெற்றியுற இயக்கிக் காட்டினார். பிஸ்டன் முதல் வீச்சில் கீழிறங்கிக் கலவையை உள்ளிழுக்கும். இரண்டாம் வீச்சில் மேலேறி அதனை அழுத்தும். மூன்றாம் வீச்சில், தீப்பொறியால் எரிந்த கலவை விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்காம் வீச்சில் புகை வெளியேறும். இம்முறை இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

மேற்கூறிய மூன்றனுள் முதல் இரண்டுக்கும் பழைய கார்களில் மின்சாரம் இன்றியமையாததன்று. கலவையை உண்டாக்கும் கார்பரேட்டர் காற்றின் இழுப்பினாலேயே தன் தொழிலைச் செய்கிறது. அழுத்துதல் பிஸ்டனின் வேலை. தீப்பொறி ஒன்றே மின்சாரத்தை வேண்டி நிற்பது. காவிரிக் கரைத் தோட்டங்களில் நீரிறைத்த டீசல் எஞ்சின்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை. காற்றை மிகுதியாக அழுத்துவதால் உண்டாகும் வெப்பமே அவற்றில் எண்ணெயைப் பற்றவைத்துவிடும். ஆதலால், உழவர் கைப்பிடியைச் சுழற்றியே, ஒரு கம்பியின் துணையும் இன்றி, அவற்றை ஓட்டினர்.

தீப்பொறி உண்டாகும் வகையை இனிக் காண்போம். பாட்டரி தருவது 12 வோல்ட் மின்னழுத்தமே. ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கு இடையேயுள்ள சிறு வெளியைத் தாண்டிப் பொறி பாய்வதற்கோ பல்லாயிரம் வோல்ட் வேண்டும். இவ்வேறுபாட்டை ஈடுசெய்வது காயில் என்னும் கம்பிச் சுருளாகும். அதனுள் தடித்த கம்பியால் சில நூறு சுற்றுகளும், மயிரிழை போன்ற மெல்லிய கம்பியால் பல்லாயிரம் சுற்றுகளும் உள்ளன. தடித்த சுருளில் மின்சாரம் ஓடும்பொழுது காந்தப் புலம் உண்டாகிறது. அம்மின்னோட்டத்தைத் திடீரென நிறுத்தினால் காந்தப் புலம் சட்டெனச் சுருங்கும்; அப்போது மெல்லிய சுருளில் மிக உயர்ந்த மின்னழுத்தம் தோன்றும். மாறும் காந்தப் புலம் மின்சாரத்தைத் தோற்றுவிக்கும் என்னும் இவ்வுண்மையை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார்.

மின்னோட்டத்தை உரிய நேரத்தில் நிறுத்துவது பாயிண்ட் என்று பணிமனைகளில் வழங்கும் தொடுமுனைகளின் வேலையாகும். அவை டிஸ்டிரிபியூட்டர் என்னும் பகிர்வுக் கருவியின் உள்ளே இருக்கின்றன. எஞ்சின் சுழலச் சுழல அவை மூடியும் திறந்தும் வரும். திறக்குந்தோறும் ஒரு பொறி பிறக்கும். எந்தச் சிலிண்டருக்கு எப்போது பொறி செல்ல வேண்டும் என்பதை டிஸ்டிரிபியூட்டர் முறைப்படுத்துகிறது. அம்பாசடரின் நான்கு சிலிண்டர்களில் முதலாவது, மூன்றாவது, நான்காவது, இரண்டாவது என்ற வரிசையில் பொறி பாயும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுங்கால், நான்கு சிலிண்டர்களுக்குமாக நொடிக்கு 100 பொறிகள் வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் எத்தனை முறை அத்தொடுமுனைகள் பிரிந்து கூட வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்!

பாட்டரி, காயில், தொடுமுனை ஆகியவற்றைக் கொண்ட இம்முறையை அமெரிக்கராகிய சார்லஸ் கெட்டரிங் செம்மைப்படுத்தினார். கைப்பிடியால் சுழற்றும் துன்பத்தை நீக்கிய மின் ஸ்டார்ட்டரையும் அவரே உருவாக்கினார். 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது பொருத்தப்பட்டது. இவற்றிற்கு முன்னரே, கார் தோன்றிய தொடக்க நாளிலேயே, ஒரு கம்பியின் அருமையை உலகிற்கு உணர்த்திய பெண்மணி ஒருவர் உண்டு. அவர் கார்ல் பென்ஸ் என்பவரின் மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார். 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவர் தம் புதல்வர் இருவருடன், கணவர் செய்த மூன்று சக்கர வண்டியில், மான்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைபட்டது. தொப்பியில் செருகும் ஊசியால் அதனைத் துளைத்துச் சரி செய்தார். தீப்பொறிக்கான கம்பியின் உறை பழுதுற்றது. காலுறையை இறுக்கும் பட்டியைக் கழற்றி அதன்மேல் சுற்றினார். வண்டி மீண்டும் ஓடிற்று. எந்த உறுப்பு எதற்காக உள்ளது என்று அறிந்திருந்தமையால், கையில் இருந்த பொருளே அவருக்குக் கருவியாயிற்று.

இனி, கொட்டகையில் நிற்கும் நம் காரிடம் வருவோம். மின்சாரத்தை இணைக்கும் முன்னர்ச் செய்ய வேண்டியவை சில உள. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்துக் கியரை நடுநிலையில் நிறுத்துதல் வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுதல் நலம். மறுநாள் எஞ்சினைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருப்பின் வலிந்து திருப்பலாகாது. வலிந்தால் உறுப்பு முறியும். எஞ்சின் எண்ணெயின் அளவையும் தன்மையையும் அளவுக்கோலை உருவிப் பார்த்தறியலாம். எண்ணெய் பால் கலந்தது போல் வெளுத்திருந்தால், அதில் தண்ணீர் சேர்ந்துள்ளது என்பது பொருள். அதன் காரணத்தைக் காணாமல் மேலே செல்லுதல் தகாது. எண்ணெய் தூயதாயின், குளிர்விக்கும் தண்ணீரை ரேடியேட்டரில் நிரப்பிவிட வேண்டும்.

பிளக் இருந்த துளையை விரலால் மூடிக்கொண்டு, மற்றொருவர் எஞ்சினைச் சுழற்றினால், அழுத்தும் வீச்சில் காற்று விரலைத் தள்ளிக்கொண்டு வெளிப்படும். நான்கு சிலிண்டர்களிலும் இத்தள்ளுதல் வலுவாக இருப்பின், எஞ்சினின் உட்பகுதி பெரும்பாலும் நலமாக உள்ளது என்று நம்பலாம். பல ஆண்டுகள் தங்கிய பெட்ரோல் கெட்டுப் பிசின்போல் ஆகியிருக்கும். ஆகையால் பழைய தொட்டியை விடுத்துக் கார்பரேட்டரைத் தூய்மை செய்து, சிறு கலம் ஒன்றிலிருந்து குழாய் வழியாகப் புதிய பெட்ரோலை அளித்தல் வேண்டும். அக்கலம் பொறி பறக்கும் இடத்திற்கு அப்பால் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். தொடுமுனைகளில் படிந்த கறையை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அவை முழுதும் திறக்கும்போது இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்குமாறு அமைக்க வேண்டும்.

இப்போது மின்சாரத்திற்கு வழி அமைப்போம். நமக்கு வேண்டிய வழிகள் மூன்றே.

முதலாவது பெருவழி. பாட்டரியின் ஒரு முனையிலிருந்து தடித்த கம்பி ஒன்று நேரே எஞ்சினின் உலோக உடலோடு இணைய வேண்டும். இதனையே எர்த் என்பர். எஞ்சின் ரப்பர்த் துண்டுகளின் மேல் அமர்ந்திருப்பதால், வண்டியின் உடலோடு மட்டும் இணைத்தால் மின்சாரம் திரும்பும் வழி தடைப்படலாம். பாட்டரியின் மற்றொரு முனையிலிருந்து வேறொரு தடித்த கம்பி, அதற்குரிய சுவிட்சின் வழியாக ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சென்றடைய வேண்டும். எஞ்சினைச் சுழற்றுங்கால் இம்மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். வயலுக்குச் செல்லும் சிறு கால்வாயில் இராஜ வாய்க்காலின் நீர் முழுவதையும் விட்டால் கரை உடையுமன்றோ? அதுபோலவே, இங்கு மெல்லிய கம்பியைப் பயன்படுத்தினால் அது பழுக்கக் காய்ந்து எரியும். பழைய கார்கள் சிலவற்றில் பாட்டரியின் நேர்முனையே எர்த்தாக வைக்கப்பட்டிருந்தது; ஆதலால், அந்தக் காரின் முறை யாதென அறிந்த பின்னரே இணைத்தல் வேண்டும்.

இரண்டாவது சிறுவழி. பாட்டரியின் எர்த் அல்லாத முனையிலிருந்து ஒரு ஃபியூஸ், ஒரு சுவிட்சு ஆகியவற்றின் வழியாகச் செல்லும் கம்பி, காயிலின் ஒரு முனையைச் சேரும். காயிலின் மற்றச் சிறுமுனையிலிருந்து ஒரு கம்பி டிஸ்டிரிபியூட்டரின் தொடுமுனைக்குச் செல்லும். இவ்வழியில் ஓடுவது நான்கு ஆம்பியர் அளவினதே. ஆகவே சாதாரணக் கம்பி போதும். காயிலின் நடுவிலிருந்து டிஸ்டிரிபியூட்டருக்கும், அங்கிருந்து பிளக்குகளுக்கும் செல்லும் தடித்த உறையுடைய கம்பிகள் வயரிங் கட்டைச் சேர்ந்தவை அல்ல, அவை தனித்தவை. அவை கெடாதிருந்தால் அப்படியே பயன்படும். சில கார்களின் காயில் 12 வோல்ட்டைவிடக் குறைந்த அழுத்தத்திற்கு உரியது. அதன் வழியில் ஒரு மின்தடை இருக்கும். அதனை விட்டுவிட்டு நேரே இணைத்தால் காயில் சூடேறிக் கெடும்.

மூன்றாவது, காவல் வழி. காரின் முன்பலகையில் எண்ணெய் அழுத்தத்தை அறிவிக்கும் விளக்கு இப்போது இயங்காது. எண்ணெய் உறுப்புகளுக்குச் செல்லாமல் எஞ்சின் ஓடினால் சிறிது நேரத்திலேயே தேய்ந்து கெடும். ஆகவே எஞ்சினில் எண்ணெய் அழுத்த சுவிட்சு இருப்பின், பாட்டரியிலிருந்து ஒரு சிறு பல்பின் வழியாக அதற்கு ஒரு கம்பி இழுக்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போது பல்பு எரியும். ஓடத் தொடங்கி அழுத்தம் உயர்ந்ததும் அணையும். அணையாவிடில் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும். நூறு கம்பிகளை விலக்கிய நாம் இந்த ஒரு கம்பியை விலக்காமைக்குக் காரணம், தேவையற்றதை நீக்குதல் வேறு, காவலை நீக்குதல் வேறு என்பதேயாகும்.

தொடங்கும் வழியை அமைத்தவன் நிறுத்தும் வழியையும் முன்னரே அமைத்திருக்க வேண்டும். காயிலுக்குச் செல்லும் சுவிட்சே எஞ்சினை நிறுத்தும் கருவி. ஆதலால் அது கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் சுழலாத நேரத்தில் அச்சுவிட்சைப் போட்டு வைத்தலும் கூடாது. தொடுமுனைகள் மூடியிருந்தால் மின்சாரம் இடையறாது ஓடிக் காயிலைச் சூடாக்கும்.

யாவும் அமைந்த பின்னர்ச் சுவிட்சைப் போட்டு, கார்பரேட்டரின் காற்று வாயைச் சிறிது அடைத்து, ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். கைப்பிடியால் சுழற்றுவோர் பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை மேல்நோக்கி இழுத்தல் மரபு. பொறி முந்திப் பாய்ந்தால் கைப்பிடி எதிர்த்து உதைக்கும். பெருவிரல் வளைத்துப் பிடித்திருப்பின் எலும்பு முறியக்கூடும். எஞ்சின் முதலில் இருமும்; சில முறை தடுமாறும்; பின் ஒரு சீராக முழங்கும். எண்ணெய் ஊறிய சிலிண்டர் ஆதலால் முதலில் புகை மிகுதியாக எழுவது இயல்பே. அப்புகையில் உயிரைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு கலந்திருப்பதால், மூடிய கொட்டகையில் இச்சோதனையைச் செய்தல் ஒருபோதும் ஆகாது. ஓரிரு நிமிடங்கள் ஓடவிட்டு ஓசையைக் கேட்டறிந்து நிறுத்திவிடலாம். டைனமோ இணைக்கப்படாமையால் பாட்டரிக்கு மின்சாரம் வாராது. அது செலவாகிக்கொண்டே இருக்கும்.

எஞ்சின் எழவில்லையாயின் என் செய்வது? வயலுக்கு நீர் வாராதபோது உழவன் வயலைத் தோண்டுவதில்லை. வாய்க்கால் கரையோடு மடைவரை நடந்து, எங்கே அடைப்பு என்று பார்க்கிறான். நாமும் அவ்வாறே செய்ய வேண்டும். சோதனைப் பல்பு ஒன்றை எடுத்து, பாட்டரியில் தொடங்கி, சுவிட்சு, காயில், தொடுமுனை என ஒவ்வோர் இடமாக மின்சாரம் வருகிறதா என்று பார்த்தால், அது நின்றுபோன இடம் புலப்படும். பெட்ரோலை அப்புறப்படுத்திய பின், பிளக்கின் உடல் எஞ்சினைத் தொடுமாறு வைத்துச் சுழற்றினால், நீல நிறப் பொறி சடசடவெனப் பாய வேண்டும். பொறி வெளிறி மஞ்சளாக இருப்பின் அது வலுவற்றது. இவ்விடத்துக் கம்பிகளைக் கையால் தொட்டால் பேரதிர்ச்சி உண்டாகும். பொறி நன்றாக இருந்தும் எஞ்சின் எழவில்லையெனில், குறை பெட்ரோலிலோ, அழுத்தத்திலோ, பொறி பாயும் நேரத்திலோ இருக்க வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும்போது உண்மை தானே வெளிப்படும்.

மாணவர்களே! இச்சோதனையை நீங்கள் தனித்துச் செய்தல் ஆகாது. தொழில் தேர்ந்தவர் செய்யும்போது அருகிருந்து காண்பதே முறை. இன்றைய கார்களில் பெட்ரோலின் அளவையும் பொறியின் நேரத்தையும் கணிப்பொறிப் பெட்டி ஒன்று ஆள்கிறது. அவற்றிற்கு இம்முறை பொருந்தாது. பழைய கார்களுக்கும் இது சோதனைக்கு மட்டுமே உரியது. எஞ்சின் எழுந்துவிட்டது என்று மகிழ்ந்து, விளக்கும் ஒலிப்பானும் இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டுவது தனக்கும் பிறர்க்கும் கேடு சூழ்வதாகும். சோதனை வெற்றி பெற்றால், தற்காலிகக் கம்பிகளை நீக்கிவிட்டு, முறைப்படி புது வயரிங் போடச் செய்யலாம். தோல்வியுற்றால், காரணம் அறிந்து மனநிறைவோடு அதனை விட்டுவிடலாம். எவ்வாறாயினும் முடிவு அறிவின்பாற்பட்டதாக இருக்கும்.

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு அவர்கள் இளமையில் உணவு விடுதி ஒன்றில் வேலை செய்து பொருள் சேர்த்து, ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியவர் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டி, அதன் இயக்கத்தைக் கற்றார். பின்னர் 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கி, நாளடைவில் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையும் பல தொழில்களையும் வளர்த்தார். கல்லூரி அளிக்காத கல்வியை அக்கழற்றிய பகுதிகள் அவருக்கு அளித்தன.

கற்றையாகக் கட்டிய கம்பிகள் கண்டாரை அச்சுறுத்தும். அவற்றைப் பிரித்து, இஃது எதற்கு, அஃது எதற்கு என்று வினவுவானுக்கோ அவை வழிகாட்டும். கணக்கானாலும் இலக்கணமானாலும் இயந்திரமானாலும், பலவற்றுள் இன்றியமையாதது எது என்று தேடிக் காணும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளுங்கள். அப்பழக்கம் உடையவன், பயன்படும் பொருளைப் பயனற்றது என்று தராசில் ஏற்ற மாட்டான்.